ஜோஷுவா ட்ரீ பாலைவனப் பூங்காவில் ஒரு சிறிய திருமணம்: இடம், அனுமதி, ஏற்பாட்டுச் சேவை பற்றிய மதிப்புரை

கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவில், மிக நெருங்கியவர்கள் சிலர் மட்டும் உடனிருக்க எங்கள் திருமணம் நடந்தது. அந்த அனுபவத்தைக் கொண்டு அந்த இடத்தையும், அங்கே திருமணம் நடத்துவதற்கான அனுமதி முறையையும், இத்தகைய திருமணங்களை ஏற்பாடு செய்து தரும் தனியார் சேவையையும் இங்கே மதிப்பிடுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்துப் பதினைந்து பேருக்குள் அடங்கும் திருமணத்துக்கு இதைவிடச் சிறந்த பாலைவன இடம் எனக்குத் தெரியாது. ஆனால் பூங்கா விதிக்கும் வரம்புகளை மனதார ஏற்றுக்கொண்டு, அவற்றுக்குள்ளேயே திட்டமிடுபவர்களுக்குத்தான் இந்தப் பாராட்டு பொருந்தும். ஒரு கல்யாண மண்டபத்தை அப்படியே பெயர்த்து மணல்வெளியில் வைக்க நினைப்பவர்களுக்குச் செலவும் மனக்கசப்பும்தான் மிஞ்சும்.

இடத்தைப் பற்றிச் சொல்லாமல் விதிகளைப் பேசினால் அவை வெறும் கெடுபிடியாகத் தோன்றும் என்பதால், முதலில் இடத்துக்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் கிழக்கே ஏறத்தாழ 225 கிலோமீட்டர் தொலைவில், மூவாயிரம் சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பில் இந்தப் பூங்கா விரிந்திருக்கிறது. உயரமான மேற்குப் பகுதி மொஹாவி பாலைவனத்தைச் சேர்ந்தது. தாழ்ந்த கிழக்குப் பகுதி கொலராடோ பாலைவனத்தைச் சேர்ந்தது. பூங்காவுக்குப் பெயர் தந்த ஜோஷுவா மரங்கள் உயரமான பகுதியில்தான் அடர்ந்து நிற்கின்றன. யூக்கா இனத்தைச் சேர்ந்த இந்த மரம் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் மட்டுமே வளரும். இதற்கென்றே வாழும் ஒரு சிறு அந்துப்பூச்சி மகரந்தம் சேர்த்தால்தான் இது விதை கொடுக்கும். அந்தப் பூச்சியின் புழுக்களுக்கோ இந்த விதைகளே உணவு. ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை என்று வாழும் இந்த இரண்டின் நடுவே நின்று மணம் செய்துகொள்வதில் எனக்கு ஒரு தனி நிறைவு இருந்தது.

மரங்களுக்கு இடையே குன்று குன்றாகக் கிடக்கும் உருண்டைப் பாறைகள், நிலத்துக்கு அடியில் பல கோடி ஆண்டுகளுக்கு முன் பாறைக்குழம்பு இறுகி உருவானவை. விரிசல் வழியே இறங்கிய நீர் விளிம்புகளை அரித்து மழுக்கியது. பிறகு மேல்மண் அடித்துச் செல்லப்பட்டபோது அவை வெளியே வந்தன. மாலைச் சூரியன் சாயும் வேளையில் இந்தப் பாறைகள் வெளிர் மஞ்சளிலிருந்து செம்பொன் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்தவர்களுக்கு மேடை அலங்காரம் ஏன் வேண்டியதில்லை என்பது புரிந்துவிடும்.

இந்த நிலம் தானாகக் காப்பாற்றப்பட்டதன்று. மினர்வா ஹாமில்டன் ஹோய்ட் என்ற பெண்மணி, தோட்டங்களை அழகுபடுத்துவதற்காகக் கள்ளிகளும் மரங்களும் வண்டி வண்டியாகப் பெயர்த்துச் செல்லப்படுவதைக் கண்டு பொறுக்காமல் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாகவே 1936-ல் இது தேசிய நினைவுச்சின்னமாக, அதாவது அரசு பாதுகாக்கும் நிலப்பகுதியாக, அறிவிக்கப்பட்டது. 1994-ல் தேசியப் பூங்காவாக உயர்த்தப்பட்டது. 2018 டிசம்பர் முதல் 2019 ஜனவரி வரை அமெரிக்க அரசு அலுவலகங்கள் 35 நாட்கள் முடங்கியபோது, போதிய கண்காணிப்பு இல்லாத அந்த இடைவெளியில் சிலர் இங்கே மரங்களைச் சேதப்படுத்தினார்கள். நூறாண்டு வளர்ந்த ஒன்றை ஒரு பிற்பகலில் அழித்துவிடலாம் என்பதைப் பூங்கா நிர்வாகம் கண்ணால் கண்டிருக்கிறது. திருமண அனுமதியில் வரும் ஒவ்வொரு தடைக்கும் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

இனி அனுமதி. பூங்காவுக்குள் எத்தனை சிறிய திருமணச் சடங்கு நடத்தினாலும், மணமக்களும் நடத்தி வைப்பவரும் மட்டுமே இருந்தாலும், சிறப்புப் பயன்பாட்டு அனுமதி பெற வேண்டும். விண்ணப்பக் கட்டணம் 120 டாலர். அனுமதி கிடைக்காவிட்டாலும் அது திரும்ப வராது. நுழைவுக் கட்டணம் இதில் சேராது. ஒரு காருக்கு ஏழு நாட்களுக்கு 30 டாலர் தனியாகச் செலுத்த வேண்டும். விண்ணப்பத்தில் நாள், நேரம், இடம், ஆட்களின் எண்ணிக்கை, வண்டிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைத் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். இந்த எண்ணிக்கையில் புகைப்படக்காரரும் சடங்கை நடத்தி வைப்பவரும் அடக்கம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். பலர் உறவினரை மட்டும் எண்ணிவிட்டுக் கடைசி நேரத்தில் தவிக்கிறார்கள். அனுமதி கைக்கு வரும்வரை விமானச் சீட்டோ தங்குமிடமோ பணம் திரும்பாத வகையில் பதிவு செய்யாதீர்கள்.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிடுவது நல்லது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டத்தின்படி, ஆறு பேருக்குக் குறைவான சிறு குழு தேசியப் பூங்காக்களில் படம் எடுப்பதற்கு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு, தனி அனுமதி தேவையில்லை. இதைக் காட்டி, "ஆட்கள் குறைவு, அனுமதியே வேண்டாம்" என்று சிலர் சொல்கிறார்கள். அந்தச் சலுகை படம் எடுப்பதற்கு மட்டுமே உரியது. திருமணச் சடங்குக்கு அனுமதி இன்றும் கட்டாயம்.

அனுமதி என்பது அந்த இடத்தை உங்களுக்கே ஒதுக்கித் தருவதன்று என்பதையும் முன்கூட்டியே மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். நீங்கள் உறுதிமொழி எடுக்கும்போது பக்கத்துப் பாறையில் யாரேனும் ஏறிக்கொண்டிருப்பார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள், அவர்களை விலகச் சொல்லும் உரிமை உங்களுக்குக் கிடையாது. எங்களைக் கண்ட மலையேறிகள் சிலர் தாங்களாகவே பேச்சை நிறுத்தி, கடைசியில் கைதட்டினார்கள். ஆனால் அது அவர்களுடைய நல்ல மனம். அதை எதிர்பார்த்துத் திட்டமிட முடியாது. ஆகவே வார நாளைத் தேர்ந்தெடுப்பதும், கூட்டம் குறைந்த நேரத்தைக் குறிப்பதும்தான் தனிமைக்கு வழி.

சடங்கு நடத்துவதற்கென்று பூங்கா சில இடங்களை வரையறுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆள் வரம்பும் வண்டி வரம்பும் வைத்திருக்கிறது. பட்டியலைப் பார்த்து அழகை மட்டும் எடைபோடாமல், யார் யார் வருகிறார்கள் என்பதைக் கொண்டு தேர்ந்தெடுப்பதே சரி. முதியவர்கள் வந்தால் என் பரிந்துரை கேப் ராக். முதன்மைச் சாலையும் கீஸ் வியூ சாலையும் பிரியும் இடத்திலேயே அது இருக்கிறது. வண்டியை விட்டு இறங்கினால் சமதளம். சக்கர நாற்காலி செல்லக்கூடிய சிறு நடைபாதையும் உண்டு. ஹிடன் வேலி சுற்றுலாத் திடல் பாறைகள் சூழ்ந்து கண்ணைப் பறிக்கும். ஆனால் பூங்காவிலேயே அதிகக் கூட்டம் கூடும் இடங்களில் அதுவும் ஒன்று. சற்று அதிகமான உறவினர் வருவதாக இருந்தால் இந்தியன் கோவ் பகுதியில் உள்ள திறந்தவெளி அரங்கு பொருத்தமானது. அங்கே செல்வதற்கு நெடுஞ்சாலை 62-லிருந்து தனிச் சாலை பிரிகிறது. பூங்காவின் முதன்மைச் சாலையோடு அது இணையவில்லை. இதை விருந்தினருக்கு வரைபடத்துடன் சொல்லாவிட்டால் ஒருவராவது மேற்கு வாயிலில் வரிசையில் நின்றுகொண்டிருப்பார்.

விதிகளில் நம்மவர்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியவை சில உண்டு. அரிசி, பூவிதழ், தானியம், வண்ணக் காகிதம் எதையும் தூவக் கூடாது என்பதால் அட்சதை போட வழியில்லை. பெரியவர்கள் தலையில் கைவைத்து வாழ்த்துவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உண்மையில் அதுவே போதுமானதாக இருந்தது. நெருப்பு மூட்டுவது அதற்கென்று அமைக்கப்பட்ட அடுப்புகளில் மட்டுமே அனுமதிக்கப்படும் என்பதால் ஓமம் வளர்ப்பது இயலாத காரியம். நாங்கள் தங்கியிருந்த வாடகை வீட்டில் காலையிலேயே விளக்கேற்றி, பெற்றோர் படத்துக்கு முன் வணங்கிவிட்டு, தாலி கட்டுவதையும் மாலை மாற்றுவதையும் மட்டும் பூங்காவுக்கு வைத்துக்கொண்டோம். மாலைக்குத் தடையில்லை; ஆனால் உதிரும் ஒவ்வோர் இதழையும் பொறுக்கி எடுத்து வர வேண்டியது நம் பொறுப்பு. இதழ் உதிரும் ரோஜா மாலையைத் தவிர்த்து, நெருக்கமாகக் கட்டிய மாலையைச் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சலிஸுக்கு அருகே ஆர்ட்டீசியா நகரின் பயனியர் புலவார்டு சாலையில் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கின்றன. பூமாலைக்கு அங்கே முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். பாலைவனக் காற்று ஈரப்பசையே இல்லாதது. ஈரத்துணியில் சுற்றிக் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கடைசி நிமிடத்தில் வெளியே எடுத்தால்தான் மல்லிகை மல்லிகையாக இருக்கும்.

புடவையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மணல் ஓடைகளின் ஓரங்களில் பூனை நகம் போல் வளைந்த முள் கொண்ட ஒருவகை வேல மரம் புதராக மண்டிக் கிடக்கிறது. பட்டுப்புடவையின் முந்தானை அதில் பட்டால், இழுக்க இழுக்க ஜரிகை இழை உருவிக்கொண்டு வரும். பின்னோக்கி ஓரடி நகர்ந்து, முள்ளை விரலால் தூக்கிவிட்டுத்தான் விடுவிக்க வேண்டும். இதைவிடக் கொடியது சோய்யா கள்ளி. தூரத்தில் பஞ்சுபோல் மின்னும் அதன் துண்டு ஒன்று துணியில் ஒட்டிக்கொண்டால் கையால் எடுக்க முயலாதீர்கள். அடுத்த நொடி அது கையில் இருக்கும். அகலப் பல் கொண்ட சீப்பை அடியில் நுழைத்து ஒரே வீச்சில் தட்டிவிட வேண்டும். எங்களுடன் வந்த புகைப்படக்காரர் தம் பையிலிருந்து அப்படியொரு சீப்பை எடுத்து, வேட்டியின் கரையில் தொங்கிய துண்டை நூல் பிரியாமல் அகற்றியபோதுதான், உள்ளூர் அனுபவம் உள்ளவருக்குக் கொடுக்கும் பணம் எதற்கு என்பது எனக்கு விளங்கியது. கனமான காஞ்சிப்பட்டைவிட மெல்லிய பட்டோ பருத்திப் பட்டோ நடப்பதற்கு ஏற்றது. காலுக்குச் செருப்பு வேண்டாம், மூடிய காலணியே வேண்டும்.

ஏற்பாட்டுச் சேவைக்கு வருகிறேன். இத்தகைய திருமணங்களை நடத்தித் தரும் நிறுவனங்கள் இப்பகுதியில் ஏராளமாக இருக்கின்றன. புகைப்படக்காரர்களே திட்டமிடுபவர்களாகவும் இருப்பது வழக்கம். நாங்கள் அமர்த்திய நிறுவனத்தின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. அவர்கள் தந்த கட்டணப் பட்டியலில் ட்ரோன் படப்பிடிப்பும், சடங்கின் முடிவில் பூவிதழ் மழையும் பெருமையாக அச்சிடப்பட்டிருந்தன. தேசியப் பூங்காக்களில் ட்ரோன் பறக்கவிடுவது 2014 முதல் தடைசெய்யப்பட்டிருக்கிறது. பூவிதழைப் பற்றி மேலே சொன்னேன். இரண்டும் கூடாது என்று நாங்களே எடுத்துச் சொன்ன பிறகு நீக்கினார்கள். தொகையை மட்டும் குறைக்கவில்லை. அபராதம் விதிக்கப்பட்டால் அது மணமக்கள் தலையில் விடியும் என்பதைத் தெரிந்தே இப்படி விற்பது சரியில்லை என்று அவர்களிடமும் சொன்னேன், இங்கும் சொல்கிறேன்.

அதே நிறுவனம் அனுப்பிய புகைப்படக்காரரின் வேலையை மட்டும் குறைசொல்ல இடமில்லை. பஞ்சாங்கம் சொல்லும் சூரிய அஸ்தமன நேரத்தை நம்பி வரக் கூடாது, மேற்கே பாறை உயர்ந்து நிற்கும் இடங்களில் அதற்கு வெகு முன்பாகவே நிழல் விழுந்துவிடும் என்று அவர் முந்தைய நாளே எச்சரித்து, எங்கள் நேரத்தை முன்னுக்கு நகர்த்தினார். அது இல்லாவிட்டால் மங்கிய சாம்பல் ஒளியில்தான் தாலி ஏறியிருக்கும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று பார்த்து, எங்களை ஒரு பெரும் பாறையின் மறைவில் நிறுத்தி, சட்டைக்குள் சிறு ஒலிவாங்கியைப் பொருத்தினார். காணொளியில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்பதற்கு அதுவே காரணம்.

ஆகவே என் பரிந்துரை இதுதான். அனுமதி விண்ணப்பத்தை நீங்களே நிரப்புங்கள்; அதில் கடினமானது எதுவும் இல்லை. மலர் வளைவு, வாடகை விரிப்பு, அலங்கார மேசை ஆகியவற்றுக்குப் பணம் கொடுக்காதீர்கள். பூங்காவில் முன்பே பலமுறை வேலை செய்த, அனுமதி விதிகளைக் கேட்டவுடன் சொல்லத் தெரிந்த ஒரு புகைப்படக்காரரைத் தனியாக அமர்த்தி, மிச்சமாகும் பணத்தில் அவருடைய நேரத்தை ஒரு மணி கூடுதலாக வாங்குங்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை அக்டோபர் இறுதியும் நவம்பரும் எனக்குப் பிடித்தவை. கோடையில் வெயில் 38 டிகிரி செல்சியஸைச் சர்வசாதாரணமாகத் தாண்டும். ஜூலை முதல் செப்டம்பர் வரை திடீர் இடிமழையும் காட்டாற்று வெள்ளமும் உண்டு. மார்ச், ஏப்ரலில் காட்டுப் பூக்கள் மலரும் என்றாலும் காற்றும் கூட்டமும் சேர்ந்தே வரும். ஏப்ரலில் அருகிலுள்ள இண்டியோவில் கோச்செல்லா இசைவிழா நடக்கும் வாரங்களில் தங்குமிட வாடகை எட்டாத உயரத்துக்குப் போய்விடும். டிசம்பரில் ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறையும். இரவில் உறைநிலைக்குக் கீழே குளிரும்.

பூங்காவுக்குள் விடுதி இல்லை, உணவகம் இல்லை, பெட்ரோல் நிலையம் இல்லை. குடிநீரும் விளிம்புகளில் உள்ள சில இடங்களில் மட்டுமே கிடைக்கும். ஒருவருக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டராவது எடுத்துச் செல்லச் சொல்கிறார்கள், அது மிகையன்று. ஜோஷுவா ட்ரீ ஊரிலோ ட்வென்டிநைன் பாம்ஸ் ஊரிலோ வீடு எடுத்துத் தங்கினால், முதல் ஊருக்கு மேற்கு வாயிலும் இரண்டாவதற்கு வடக்கு வாயிலும் பக்கம். மேற்கு வாயிலில் வார இறுதிகளில் வண்டி வரிசை நீளும் என்பதால் வடக்கு வாயிலே நிம்மதி.

நம் குடும்பங்களுக்குப் பெரிய ஏமாற்றம் தரக்கூடியது கைப்பேசிச் சமிக்ஞை. பூங்காவின் பெரும்பகுதியில் அது கிடையாது. மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் பெற்றோர் நேரலையில் பார்க்கலாம் என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் அங்கே மாலை ஐந்து மணி என்றால் இங்கே இந்தியாவிலும் இலங்கையிலும் மறுநாள் காலை ஆறரை. குளித்துப் புதுத்துணி உடுத்திக்கொண்டு திரைக்கு முன் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வெறும் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் அந்த வருத்தம் எளிதில் ஆறாது. வாடகை வீட்டில் இணைய வசதி இருக்கும். மாலை மாற்றுவதற்கு முன் பெரியவர்களிடம் ஆசி பெறுவதை அங்கிருந்தே காணொளி அழைப்பில் வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் பதிவு செய்த காணொளியை இரவே அனுப்புங்கள். எங்கள் வீட்டுப் பெரியவர்கள், பதிவைத் தங்கள் வசதிக்கு இருமுறை பார்த்துவிட்டு, நேரலையைவிட இதுவே நன்றாக இருந்தது என்றார்கள்.

சட்டப்படியான பதிவு எளிது. இருவரும் நேரில் சென்று ஏதேனும் ஒரு கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் திருமண உரிமம் பெற வேண்டும். கலிபோர்னியாவில் வசிப்பவராக இருக்க வேண்டியதில்லை, காத்திருப்புக் காலமும் இல்லை. உரிமம் 90 நாட்களுக்குச் செல்லும். அந்த மாநிலத்துக்குள் எங்கு வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். பூங்கா ரிவர்சைடு, சான் பெர்னார்டினோ என்ற இரு கவுண்டிகளில் பரவியிருப்பதால் இது ஒரு கவலையைக் குறைக்கிறது. வழக்கமான பொது உரிமத்துக்கு ஒரு சாட்சியாவது கையெழுத்திட வேண்டும், புகைப்படக்காரரே சாட்சியாகலாம். நடத்தி வைத்தவர் கையெழுத்திட்ட உரிமத்தைப் பத்து நாட்களுக்குள், அதை வழங்கிய கவுண்டிக்கே திருப்பி அனுப்ப வேண்டும். பதிவான பிறகு சான்றளிக்கப்பட்ட நகல் தானாக வீட்டுக்கு வராது. கட்டணம் கட்டித் தனியாகக் கேட்டுப் பெற வேண்டும். இந்தியாவில் கடவுச்சீட்டிலோ வேறு ஆவணங்களிலோ துணையின் பெயரைச் சேர்க்க எண்ணுபவர்கள், அந்த நகலுக்குக் கலிபோர்னியா மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் சான்று) பெற்றுக்கொள்வது நல்லது. ஒன்றுக்கு மூன்று நகல்களாக வாங்கிவிடுங்கள். இந்தியாவிலிருந்தபடி மறுபடி கேட்டுப் பெறுவது அலைச்சல்.